நடுநிலைப் பள்ளி முடியும் மே மாதம்

பிள்ளைக்கேற்ற வாசல் – 9

நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூர் போகும் சாலையில் சிக்கலைத் தாண்டி எந்தக் கிளைச்சாலையில் திரும்பினாலும், குளத்தையோ வாய்க்காலையோ ஒட்டி ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி கண்ணில் படும். பெயர்ப்பலகையில் இருக்கும் அந்த ‘நடுநிலை’ என்ற சொல்லை யாரும் நின்று படிப்பதில்லை. எட்டாம் வகுப்போடு இந்தப் பள்ளி முடிந்துவிடும் என்பது அதன் பொருள். மற்றப் பிள்ளைகளுக்கு அது ஒரு சின்னப் படி. டி.சி.யை வாங்கிக்கொண்டு அடுத்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்துவிடுவார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளையின் வீட்டில் அந்த மே மாதம் தூக்கம் கெடும்.

ஒரு பையனை வைத்துக்கொள்வோம். வயது பதினான்கு, ஊர் கீழ்வேளூர்ப் பக்கம். இவன் யாருடைய அடையாளமும் அல்ல. பேச்சுக்கு ஒரு ஆள் வேண்டும் என்பதற்காக வந்த கற்பனைப் பையன். நாகப்பட்டினம் பேருந்து நிலையத்துக்குள் வரும் வண்டிகளின் தடமும் நேரமும் இவனுக்கு அத்துபடி. தமிழ் தடங்கலில்லாமல் வாசிப்பான். ஐந்து வரிக்கு மேல் எழுதச் சொன்னால் பென்சிலை முறித்துப் போடுவான். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடவே படித்த பையன்கள் நான்கு பேர், மணிக்கு அரை நிமிடம் முன்பாக, “டேய், பொத்திக்க” என்று சொல்லப் பழகியிருக்கிறார்கள். யாரும் சொல்லிக்கொடுத்துப் பழகியதில்லை அது.

அரசுப் படிவங்களில் ஆட்டிசத்துக்குப் ‘புற உலகச் சிந்தனையற்ற’ நிலை என்று ஒரு பெயர் இன்னும் எட்டிப் பார்க்கிறது. ஒரு பேருந்து நிலையத்தின் கால அட்டவணையையே தலையில் சுமப்பவனுக்கு இதைவிடப் பொருந்தாத பெயர் கிடைக்காது.

அந்த மே மாதத்தில் இந்த வீட்டுக்கு யோசனை சொல்லாதவர் யாருமில்லை. உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் தன்மையாகத்தான் பேசுவார்: “ரிசல்ட் நூறு பர்சன்ட் காட்டிக்கிட்டிருக்கோம்மா. பத்தாவதுல தம்பி கஷ்டப்படக் கூடாது பாருங்க. ஸ்பெஷல் ஸ்கூல் எதாவது விசாரிங்களேன்.” சென்னையிலிருந்து கொழுந்தன் போன் பண்ணுவார்: “இங்க கொண்டாந்துடுங்க அண்ணி, நல்ல நல்ல சென்டரெல்லாம் இருக்கு.” அப்பாயிக்கு இரண்டும் பிடிக்காது: “புள்ளைய எதுக்கு அலைய விடுறிய? வூட்டோட இருக்கட்டுமே.” ஓபன் ஸ்கூலில் எழுதவைத்தால் போதும் என்று இன்னொருவர். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருப்பதுதான் தொல்லை.

சட்டம் சொல்வதை முதலில் பேசி முடித்துவிடலாம், அதில் குழப்பம் குறைவு. 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரைதான் பேசும். நம் பையன் அந்தக் கோட்டைத் தாண்டப்போகிறவன். 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அவனுக்காக அந்தக் கோட்டைப் பதினெட்டு வயதுக்குத் தள்ளிவைத்தது. அதன் 31-ஆவது பிரிவின்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற பிள்ளைக்குப் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி உண்டு. அருகமைப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளையின் பக்கம் இருக்கிறது. பள்ளியின் பக்கம் இல்லை. 16-ஆவது பிரிவு, அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் பாகுபாடு காட்டாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. தனியார் மெட்ரிக் பள்ளியும் இதற்குள் அடக்கம். ஆகவே, தன்மையாகச் சொன்னாலும் அந்தத் தலைமையாசிரியர் சொன்னது சட்டத்துக்கு வெளியே நிற்கும் பேச்சு.

ஆனால் சட்டப் பிரிவைக் காட்டிச் சேர்த்த பள்ளியில் பையன் தினமும் ஆறேழு மணி நேரம் உட்கார வேண்டும். சேர்க்கையைச் சண்டை போட்டு வாங்கலாம். அந்த ஆறேழு மணி நேரத்தைச் சண்டை போட்டு வாங்க முடியாது. அதனால்தான் ‘எது நல்ல பள்ளி?’ என்ற கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டு, ‘இவனுடைய ஒரு நாள் எந்த இடத்தில் உடையாமல் போகும்?’ என்று கேட்க வேண்டியிருக்கிறது. பேருந்தில் ஏறுவது முதல் கழிப்பறை, மதிய உணவு வரிசை, மணி, மாலை வீடு திரும்புவது வரைக்கும் அந்த ஒரு நாள்.

இந்தக் கேள்விக்குச் சரியான விடை கண்ட ஒரு குடும்பத்தைப் பார்க்க வேண்டுமென்றால், ஆட்டிசம் என்ற நோய்க்குறிப்பின் தொடக்கத்துக்கே போக வேண்டும். அந்தக் கதையும் ஒரு விவசாய ஊரில்தான் நடக்கிறது.

டொனால்ட் டிரிப்லெட் 1933-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர். பால்டிமோரில் இருந்த மனநல மருத்துவர் லியோ கேனர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தை ஒரு தனி நிலையாக மருத்துவ உலகுக்குக் காட்டியது. அந்தக் கட்டுரையில் முதலாவதாக வருகிற பிள்ளை டொனால்ட். மூன்று வயதில் மருத்துவர் பேச்சைக் கேட்டு அவனை ஒரு காப்பகத்தில் விட்ட பெற்றோர், ஓராண்டு போனதும் மனம் பொறுக்காமல் மீட்டுவந்தார்கள். பிறகு 1942 வாக்கில், ஊருக்குச் சுமார் பத்து மைல் தள்ளி ஒரு விவசாயத் தம்பதியின் பண்ணையில் தங்கவைத்தார்கள்.

1945-இல் கேனர் அந்தப் பண்ணைக்கு நேரில் போனார். அங்கே பார்த்ததைப் பின்னாளில் 1971-இல் எழுதினார். பையனுக்கு எதையாவது அளந்துகொண்டே இருக்க வேண்டும். விவசாயி அவனைக் கிணறு தோண்டவைத்து, எவ்வளவு ஆழம் என்று சொல்லச் சொல்லியிருந்தார். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் பொறுக்கிச் சேர்த்தான். அவற்றைப் புதைக்கக் கொல்லையில் ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்திருந்தார். மக்காச்சோள வரிசைகளை ஓயாமல் எண்ணினான். உழுதுகொண்டே எண்ணு என்று கலப்பையைக் கையில் கொடுத்திருந்தார். கேனர் பார்த்துக்கொண்டிருக்க, குதிரையைத் திருப்பித் திருப்பி ஆறு நீள வரிசைகளை உழுது முடித்தான். அந்த வட்டாரத்துக் கிராமப் பள்ளிக்கூடத்துக்கும் போய்வந்தான். அவனுடைய விசித்திரங்களை அங்கே ஏற்றுக்கொண்டார்கள், படிப்பும் நன்றாக ஏறியது என்று கேனர் குறித்திருக்கிறார். அதன் பிறகு சொந்த ஊர் உயர்நிலைப் பள்ளி, 1958-இல் மில்சாப்ஸ் கல்லூரியில் பட்டம், உள்ளூர் வங்கியில் வேலை. 27 வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். தனியாக உலகம் சுற்றினார். 2023 ஜூனில், 89 வயதில் காலமானார்.

இந்தக் கதையைக் கேட்டதும் ‘கிராமத்தில் விட்டால் சரியாகிவிடும்’ என்று யாராவது கிளம்பினால் அது ஆபத்து. டொனால்டின் தாய் வீட்டாருக்குச் சொந்தமானது அந்த வங்கி. பண்ணையில் தங்கவைக்கவும் கல்லூரிக்கு அனுப்பவும் பணம் இருந்தது. ஊரில் அந்தக் குடும்பத்தின் பெயருக்கு மதிப்பு இருந்தது. டொனால்ட் சாகும்வரை ஆட்டிசத்தோடுதான் இருந்தார், எதுவும் ‘சரியாகவில்லை’. கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த விவசாயியின் கைப்பக்குவத்தை. எண்ணாதே என்று அதட்டாமல், எண்ணுவதற்குள் ஓர் உழவை நுழைத்தார். நாற்று முடிகளை எண்ணி வாங்குகிற, களத்தில் மூட்டை எண்ணுகிற ஊர்களில் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பஸ் நேரம் மனப்பாடமாகத் தெரிந்த பையனுக்கு, ‘கீழ்வேளூரில் 8.40-க்குக் கிளம்பிய வண்டி நாகப்பட்டினத்துக்கு 9.15-க்கு வந்தால்’ என்று கணக்கு போட்டுக் கொடுக்கும் ஆசிரியர் எந்தப் பள்ளியில் இருக்கிறார்? நூறு சதவீதத் தேர்ச்சிப் பலகையைவிட அந்த ஒருவரைத் தேடிப் போகலாம்.

டெம்பிள் கிராண்டினின் கதை இதற்கு மறுபக்கம். 1947-இல் பாஸ்டனில் பிறந்த அவர், இன்று கால்நடை அறிவியலில் உலகம் அறிந்த பேராசிரியர். பதினான்கு வயதில், நம் கற்பனைப் பையனின் அதே வயதில், பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார். கேலி செய்த பெண் மீது புத்தகத்தை வீசியடித்தார் என்பது காரணம். தொடக்கப் பள்ளியில் அவருக்குப் பெரிய தொல்லை இருந்ததில்லை. வகுப்பும் சின்னது, ஆசிரியர்களும் தெரிந்தவர்கள். பெரிய பள்ளிக்குப் போனதும் மணிக்கொரு வகுப்பறை, மணிக்கொரு ஆசிரியர், ஓயாத கேலி. தாய் அவரை நியூ ஹாம்ப்ஷரில், குதிரைகளும் பண்ணையும் உள்ள ஒரு சிறிய உறைவிடப் பள்ளியில் சேர்த்தார். அங்கே முதல் சில ஆண்டுகள் படிப்பு ஒன்றும் ஓடவில்லை. லாயத்தைக் கழுவி, குதிரைகளைப் பராமரித்தார். பிறகு வில்லியம் கார்லாக் என்ற அறிவியல் ஆசிரியர் வந்தார். மாடுகளை அசையாமல் நிறுத்தும் கூண்டைப் பார்த்துத் தனக்கென ஓர் அழுத்தும் எந்திரம் செய்துகொண்டிருந்த பெண்ணிடம், அது ஏன் மனதை அமைதிப்படுத்துகிறது என்று அறிவியலில் தேடிப் பார் என்றார். படிப்பு அங்கிருந்து பிடித்துக்கொண்டது.

தொடக்கப் பள்ளியில் தாக்குப்பிடித்த பிள்ளை உயர்நிலைப் பள்ளியில் ஏன் குலைகிறது என்பதற்கு கிராண்டினின் பதினான்காம் வயது நல்ல விளக்கம். நம் ஊரிலும் எட்டாம் வகுப்பு வரை இரண்டு மூன்று ஆசிரியர்கள்தான் பெரும்பாலும். ஒன்பதில் பாடத்துக்கொரு ஆசிரியர், பாடவேளைக்கொரு குரல். அதே நேரத்தில் உடம்பும் மாறுகிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் சிலருக்கு வலிப்பு முதல்முறையாகத் தலைகாட்டுவதும் இந்தப் பருவத்தில்தான். பெண் பிள்ளையாக இருந்தால் மாதவிலக்கு நாட்களில் பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, நாப்கின் மாற்ற உதவி கேட்க ஓர் ஆசிரியை இருக்கிறாரா என்பது அறிவியல் ஆய்வகத்துக்கு முன்னால் பார்க்க வேண்டிய விஷயம். சேர்க்கை விண்ணப்பத்தில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

இனி வழிகளை ஒவ்வொன்றாக.

அரசு உயர்நிலைப் பள்ளிதான் பெரும்பாலான குடும்பங்களுக்குக் கைக்கெட்டும் வழி. ஒன்றியத்துக்கு ஒரு வட்டார வள மையம் உண்டு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கும் சிறப்பாசிரியர்கள் அங்கிருந்துதான் பள்ளி பள்ளியாகப் போகிறார்கள். வெளியே வர முடியாத பிள்ளைகளின் வீட்டுக்கும் அவர்களே போகிறார்கள். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளில் பத்து சிறப்புத் தேவைப் பிள்ளைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர் விகிதத்தை வகுத்தது. 2025 மார்ச்சில் அதற்கான பணியிடங்களை உருவாக்கும்படி மாநிலங்களுக்கு மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. நடப்பு எப்படி இருக்கிறது என்பதை அந்த இரண்டாவது உத்தரவே சொல்லிவிடும். ஆகவே ‘சிறப்பாசிரியர் இருக்கிறாரா?’ என்று கேட்டால், ‘இருக்கிறார்’ என்ற பதில் வரும், அதில் பயனில்லை. வாரத்தில் எந்தக் கிழமை வருகிறார்? எத்தனை மணி நேரம்? பையனைத் தனியே கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுக்கிறாரா, வகுப்புக்குள்ளேயே பக்கத்தில் உட்காருகிறாரா? அவர் வராத நாட்களில் யார் பொறுப்பு? இந்த நான்கிற்கும் தலைமையாசிரியர் பெயர் சொல்லிப் பதில் தந்தால் அந்தப் பள்ளியை நம்பலாம்.

பொதுத் தேர்வைப் பற்றிய பயம் பாதி தேவையற்றது. மாநிலப் பாடத்திட்டத்தில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாடம் ஒன்றில் விலக்கு ஆகிய சலுகைகள் இருக்கின்றன. ஐந்து வரி எழுத முடியாத பையனுக்குச் சொல்வதை எழுதுபவர் கிடைப்பதென்றால் கதையே மாறிவிடும். ஆனால் அதற்கும் முன்பழக்கம் வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வறையில் முன்பின் தெரியாத ஒருவரிடம் விடை சொல் என்றால் வாய் திறக்காது. ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுத் தேர்விலிருந்தே இன்னொருவர் எழுதப் பையன் சொல்லிப் பழகியிருக்க வேண்டும். சான்றிதழும் புதிதாக இருக்க வேண்டும். ஆட்டிசத்தை அளக்க நம் நாட்டில் ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற அளவுகோல் இருக்கிறது. அதில் 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து மதிப்பெண். 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை. 106 வரை லேசானது, 153 வரை மிதமானது, அதற்கு மேல் தீவிரமானது. மூன்று வயதில் எடுத்த காகிதத்தைப் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள், எட்டாம் வகுப்புக் கோடையில் மறு மதிப்பீடு செய்து மாற்றுத்திறனாளிகளுக்கான யூ.டி.ஐ.டி. அடையாள அட்டையையும் சரிபார்த்துக்கொண்டால், தேர்வுக்கு முந்தைய ஜனவரியில் ஓட வேண்டியிருக்காது.

சிறப்புப் பள்ளி என்றதும் சிலர் அதைத் தோல்வியாக நினைக்கிறார்கள், சிலர் தீர்வாக நினைக்கிறார்கள். இரண்டுமே அவசரம். பேச்சே இல்லாத, கழிப்பறைப் பழக்கம் இன்னும் படியாத, கோபம் வந்தால் தன்னையே கடித்துக்கொள்ளும் பிள்ளைக்கு, நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஓர் ஓரமாக உட்காரவைப்பதை ‘உள்ளடக்கிய கல்வி’ என்று அழைப்பது ஏமாற்று வேலை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு நல்ல சிறப்புப் பள்ளி சோறு பிசைந்து சாப்பிடுவதிலிருந்து கடையில் சில்லறை வாங்குவது வரை கற்றுக்கொடுக்கும். போய்ப் பார்க்கும்போது ஒன்றைக் கவனிக்கலாம்: பதினாறு வயதுப் பிள்ளைக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கும் ஒரே மணிக்கோப்பும் ஒரே வண்ணப் புத்தகமும் கொடுக்கிறார்களா? கொடுத்தால் அங்கே வளர்பருவப் பிள்ளைகளுக்குத் திட்டம் எதுவும் இல்லை என்று பொருள். மாநில அரசின் ஆரம்பநிலைப் பயிற்சி மையங்களும் சின்னக் குழந்தைகளுக்கானவை. பதின்மூன்று தாண்டியவனுக்கு இடம் தேடுவது, சிறிதாகிப்போன சட்டையைப் பெரிதாக்கித் தைக்கச் சொல்வது மாதிரி ஆகிவிடுகிறது.

ஓபன் ஸ்கூலை, அதாவது தேசியத் திறந்தநிலைப் பள்ளியை, கடைசிப் புகலிடமாக மட்டும் பார்ப்பது தவறு. 1989-இல் தொடங்கிய நிறுவனம் அது. பத்தாம் வகுப்புக்குச் சேரப் பதினான்கு வயது நிறைந்திருந்தால் போதும். ஒரு மொழி உட்பட ஐந்து பாடங்கள், கணிதம் கட்டாயமில்லை. ஓவியம், மனையியல், டேட்டா என்ட்ரி என்று பிள்ளையின் கைக்கு வருவதை எடுக்கலாம். ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு நடக்கும். ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகளில் ஒவ்வொரு பாடமாக எழுதி முடித்துக்கொள்ளலாம். ஒரு நாளில் ஒரு பாடத்தையே தாங்கக்கூடிய பிள்ளைக்கு இதைவிட இசைவான ஏற்பாடு இல்லை. ஆனால் இரண்டு எச்சரிக்கை. கணிதமும் அறிவியலும் எடுக்காமல் பத்தை முடித்தால், பின்னாளில் பாலிடெக்னிக் ஆசை வரும்போது அந்தக் கதவு மூடியிருக்கும். இன்னொன்று, ஓபன் ஸ்கூல் பாடத்தைத்தான் கொடுக்கும், பகலைக் கொடுக்காது. காலை ஒன்பது மணியிலிருந்து நான்கு மணி வரை அவன் எங்கே, யாரோடு? வீட்டில் அம்மாவோடு மட்டும் என்றால், இரண்டே ஆண்டில் இருவருமே களைத்துப்போவார்கள். அப்பாயி சொன்ன ‘வூட்டோட இருக்கட்டும்’ என்பதற்கும் இதே பதில்தான்.

ஊரை விட்டுப் போவது பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. சென்னையில் வித்யாசாகர் போன்ற பழைய நிறுவனங்கள் இருக்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 2005-இல் வந்த மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. மதிப்பீட்டுக்கும் பயிற்சித் திட்டம் எழுதி வாங்கவும் அங்கே போய்வருவது பயன்தரும். குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு போவது வேறு கணக்கு. வாடகை, அப்பாவின் வேலை, வயலைப் பார்க்க ஆள், எல்லாவற்றுக்கும் மேல் அந்த நான்கு பையன்கள். புது ஊரில் மணிக்கு முன்னால் ‘பொத்திக்க’ என்று சொல்ல ஆள் பிடிக்க எட்டு வருடமாகும்.

இதுவரை சொன்னது தமிழ்நாட்டின் எந்த மாவட்டத்துக்கும் பொருந்தும். நாகப்பட்டினத்துக்கென்று இரண்டு விஷயங்கள் தனியாக இருக்கின்றன. இரண்டும் தண்ணீர் சம்பந்தப்பட்டவை.

அமெரிக்காவில் 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் 49 சதவீதம் பேர் நான்கு வயதுக்குப் பிறகு ஒரு முறையாவது சொல்லாமல் வெளியேற முயன்றிருப்பதாகப் பெற்றோர்கள் தெரிவித்தார்கள். அப்படிக் கிளம்பும் பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீர் மீது ஈர்ப்பு. தமிழில் எஸ். பாலபாரதி எழுதிய ‘துலக்கம்’ நாவலே, ஆட்டிசம் உள்ள பையன் ஒருவன் காணாமல் போவதிலிருந்து எழுந்ததுதான். குளமும் வாய்க்காலும் கடலும் சூழ்ந்த இந்த மாவட்டத்தில் பள்ளி பார்க்கப் போகும் பெற்றோர் முதலில் சுற்றுச்சுவரைச் சுற்றி நடந்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதிலும் ஒரு சூட்சுமம். மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேர இன்னும் நாளாகும். சேர்க்கைக்கு அலையும் மே மாதத்தில் பள்ளிக்குப் பின்னால் உள்ள வாய்க்கால் காய்ந்து, பையன்கள் கிரிக்கெட் ஆடும் இடமாக இருக்கும். அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. ஆடியில் அதே இடத்தில் ஆள் ஆழம் ஓடும்.

நீச்சல் தெரிந்தால் பயம் பாதியாகும். ஆட்டிசம் உள்ள மும்பைச் சிறுமி ஜியா ராய், 2022 மார்ச் 20 அன்று தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை 29 கிலோமீட்டரை 13 மணி 10 நிமிடத்தில் நீந்தினார். அப்போது அவருக்கு வயது 13. 2024-இல் ஆங்கிலக் கால்வாயையும் நீந்திக் கடந்தார். அவர் நீந்திய அதே பாக் நீரிணையின் வடக்கு ஓரத்தில்தான் நம் கோடியக்கரை இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் நீரிணையைத் தாண்ட வேண்டாம். ஊர்க் குளத்தில் கரை சேரத் தெரிந்தால் போதும்.

இரண்டாவது, மழை விடுமுறை. ஐப்பசி, கார்த்திகையில் விடியற்காலைச் செய்தியில் ‘நாகப்பட்டினம் மாவட்டப் பள்ளிகளுக்கு இன்று விடுமுறை’ என்று ஓடும்போது மற்றப் பிள்ளைகள் குதிப்பார்கள். கால அட்டவணையைப் பிடித்துக்கொண்டு வாழும் பையனுக்கு அது காலடி மண் சரிகிற மாதிரி. சீருடை போட்டுக்கொண்டு வாசலில் நின்று அழுவான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது பள்ளிகள் நாள்கணக்கில் மூடிக்கிடந்தன. பல பள்ளிகளுக்குக் கூரையே இல்லை. ஆகவே பள்ளியில் கேட்க வேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்று: எதிர்பாராமல் மாறும் நாட்களை இவனுக்கு எப்படிச் சொல்வீர்கள்? படங்களை வரிசையாக ஒட்டிய அன்றாட அட்டவணை வைத்திருக்கும் சிறப்பாசிரியராக இருந்தால், அதில் குடை வரைந்த ‘மழை விடுமுறை’ அட்டை ஒன்றைப் புரட்டாசியிலேயே சேர்த்துவிடச் சொல்லலாம். வேளாங்கண்ணித் திருவிழா நாட்களில் பேருந்து வழி மாறுவதற்கும் ஓர் அட்டை வேண்டும். பஸ் பிரியனுக்கு அது சாதாரணக் குழப்பமா!

இத்தனையும் பார்த்துப் பள்ளியை முடிவு செய்த குடும்பத்துக்குப் பதினெட்டாம் வயதில் இன்னொரு வாசல் காத்திருக்கிறது. அன்றைக்கு அவன் சட்டப்படி பெரியவன்; பெற்றோர் தாமாகவே காப்பாளராகத் தொடர முடியாது. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, தேவைப்படுவோருக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு சட்டபூர்வக் காப்பாளரை நியமிக்கும். அதே அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. பேச்சுப் பயிற்சி போன்றவையும் அதில் வரும். உயர்கல்வியில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஐந்து சதவீத இடம், அரசு வேலையில் நான்கு சதவீதம். அந்த நான்கில் ஒரு சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு முதலியவற்றுக்கு என்று 2016 சட்டம் பிரித்து வைத்திருக்கிறது. பதினெட்டு வயதுக்குப் பின் அவன் காலையில் எங்கே கிளம்பிப் போகப்போகிறான் என்று ஒரு ஊகமாவது இருந்தால், ஒன்பதாம் வகுப்புத் தேர்வு எளிதாகிறது. ஐ.டி.ஐ. பக்கம் என்றால் அரசுப் பள்ளியில் பத்து. கணினியில் தட்டச்சு என்றால் ஓபன் ஸ்கூலில் டேட்டா என்ட்ரி. நாற்றுப்பண்ணையிலோ வீட்டுக் கடையிலோ என்றால் கணக்குக்கும் சில்லறைக்கும் முதலிடம் தரும் சிறப்புப் பள்ளி. அரசுப் பள்ளியில் பெயரை வைத்துக்கொண்டு வாரத்தில் இரண்டு நாள் வட்டார வள மையத்துக்குப் போவது போன்ற கலவை ஏற்பாடுகளும் பேசிப் பார்த்தால் கூடிவரும். ஒன்றில் சேர்ந்து ஓராண்டில் ஒத்துவரவில்லையென்றால் மாற்றுவதும் குற்றமில்லை. கிராண்டினுக்கு மாறியதுதான் வாழ்வு கொடுத்தது.

நம் கற்பனைப் பையன் வீட்டுக்குத் திரும்புவோம். அம்மா கடைசியில் யோசனை சொன்னவர்கள் எல்லோரையும் விட்டுவிட்டு, அந்த நான்கு பையன்களின் வீடுகளுக்குப் போய் அவர்கள் எங்கே சேர்கிறார்கள் என்று விசாரிக்கிறார். ஒருவன் திருப்பூரில் மாமா வீட்டுக்குப் போகிறான். ஒருவன் நாகப்பட்டினத்தில் தனியார் பள்ளி. மீதி இருவரும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளி. இரண்டு பேர் போதும் என்று அவருக்குத் தோன்றுகிறது. பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரத்தில், ஆளில்லாத பள்ளிக்குப் பையனை மூன்று நாள் கூட்டிப்போகிறார். எந்த பஸ், எந்த நிறுத்தம், எந்தக் குழாயில் தண்ணீர் வருகிறது என்று முதல் நாள். கழிப்பறை, மாடிப்படி, சத்துணவுக்கூடம் இரண்டாம் நாள். மூன்றாம் நாள் அந்த இரண்டு பையன்களையும் சேர்த்துக்கொண்டு. தண்டவாளத் துண்டு ஒன்று தலைமையாசிரியர் அறைத் தாழ்வாரத்தில் தொங்குகிறது. அதிலிருந்து ஒன்பது ‘ஏ’ எத்தனை அடி, ஒன்பது ‘பி’ எத்தனை அடி என்று அம்மா நடந்து பார்க்கிறார்.

“சார், தம்பிய ‘பி’ல போட முடியுங்களா?”

“ஏம்மா, ‘ஏ’ தான் நல்லா படிக்கிற செக்ஷன்.”

“இருக்கட்டும் சார். மணிக்குத் தூரமா இருக்குதுங்க. கூட இந்தப் பசங்க ரெண்டு பேரையும் அதுலயே போட்டுடுங்க.”

(தொடரும்)

அடுத்த வாரம்: தேர்வறையில் பக்கத்து நாற்காலி – சொல்வதை எழுதுபவர் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது